மூளைசார் கற்றல்: ஒரு சொல் விளக்கம்

கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி அழைப்பிதழ்களில் இப்போது அடிக்கடி தென்படும் தொடர்களுள் ஒன்று ‘பிரெயின் பேஸ்டு லேர்னிங்’. தமிழில் அச்சாகும்போது அது ‘மூளை அடிப்படையிலான கற்றல்’, ‘மூளைசார் கற்றல்’, ‘மூளைவழிக் கற்றல்’ எனப் பலவாறாக வருகிறது. இலக்கண அளவில் மூன்றிலும் பிழை இல்லை. ஆயினும் மூளை இல்லாமல் வேறு எதைக் கொண்டு கற்க முடியும் என்ற ஐயம் படிப்பவருக்கு எழுவது இயல்பே. அந்தக் குறைக்கு மொழிபெயர்த்தவரைக் குற்றம் சொல்ல முடியாது; அது மூலத் தொடரிலேயே இருக்கிறது.

அமெரிக்கக் கல்வியாளர் லெஸ்லி ஹார்ட் 1983-இல் வெளியிட்ட நூலில் கையாண்ட சொல் ‘பிரெயின் கம்பாட்டிபிள்’ என்பதாகும். மூளையின் இயல்போடு ஒத்துப்போகிற, அதற்கு முரணாக நில்லாத என்பது அதன் பொருள். பள்ளியின் கால அட்டவணையும் பாட வரிசையும் தேர்வு முறையும் நிருவாக வசதியை எண்ணி அமைக்கப்பட்டவை என்பதும், மூளை எவ்வாறு கற்கிறது என்ற கேள்வி அங்கு எழுப்பப்படவே இல்லை என்பதும் அவருடைய வாதம். 1990-களை ‘மூளைப் பத்தாண்டு’ என அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்த பிறகு இத்துறையின் மீது பெரும் வெளிச்சம் விழுந்தது. 1991-இல் ரெனேட் கெய்ன், ஜெஃப்ரி கெய்ன் இணையர் மூளையும் கற்றலும் பற்றிய 12 கொள்கைகளை வகுத்தனர்; 1990-களின் நடுவில் எரிக் ஜென்சனின் நூல்களும் பயிலரங்குகளும் ‘பேஸ்டு’ என்ற சொல்லை ஆசிரியர்களிடையே பரப்பின. இந்தச் சொல்மாற்றத்தைச் சிறியதென்று கருத இயலவில்லை. ‘ஒத்துப்போகிற’ என்பது அடக்கமான கூற்று. ‘அடிப்படையிலான’ என்பதோ, இந்த வகுப்பறை முறை மூளை ஆய்விலிருந்தே நேரடியாகப் பெறப்பட்டது என்ற உறுதிமொழி.

அந்த உறுதிமொழி செல்லாது என்று 1997-இல் அமெரிக்க அறிஞர் ஜான் புரூயர் எழுதினார். நரம்பணுக்களின் இணைப்புப் பற்றி ஆய்வகத்தில் அறிந்ததைக் கொண்டு வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் நடுவில், நினைவு, கவனம், சிந்தனை ஆகியவற்றை ஆராயும் அறிதல் உளவியல் என்ற துறை இருக்கிறது, அதன் வழியாகவே கடக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இன்று இத்தலைப்பில் நடக்கும் பயிற்சிகளில் உண்மையில் பயன்தரும் பகுதிகளைப் பார்த்தால், அவர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது. நினைவிலிருந்து மீட்டு எழுதச் செய்தல், இடைவெளி விட்டுப் பயிலச் செய்தல், ஒரே நேரத்தில் மனத்தின் மீது அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றாதிருத்தல் ஆகிய மூன்றுமே உளவியல் சோதனைகளில் நிறுவப்பட்டவை. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் மீண்டும் படித்தவர்கள் 42 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர்.

கல்லூரி வகுப்பில் இது எப்படி நிகழும் என்று பார்க்கலாம். பொருளியல் ஆசிரியர் திங்களன்று தேவை நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்பதை, நடத்தினார் என்று கொள்வோம். வியாழனன்று ‘போன வகுப்பில் எங்கே விட்டோம்?’ என்று கேட்டுத் தாமே விடை சொல்லித் தொடர்வது நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். அதற்குப் பதிலாகக் குறிப்பேடுகளை மூடச் சொல்லி, அரைத்தாள் ஒன்றில், உப்பின் விலை ஏறினாலும் விற்பனை ஏன் பெரிதாகக் குறைவதில்லை என்று எழுதச் சொல்கிறார். மதிப்பெண் கிடையாது, தாளை வாங்குவதும் கிடையாது. இரண்டு வரி ஓடிய பேனாக்கள் மூன்றாவது வரியில் தயங்குகின்றன. சிலர் மேற்கூரையைப் பார்க்கிறார்கள். பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அந்தத் தயக்கத்தில்தான் கற்றல் நடக்கிறது. இதைச் செய்ய மூளையின் படம் எதுவும் திரையில் தேவைப்படவில்லை.

நன்னூலின் பொதுப்பாயிரம் நூல் பயிலும் முறையாக ‘பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல்’ என்றும், பின்னர் ‘வினாதல், வினாயவை விடுத்தல்’ என்றும் கூறுகிறது. அடுத்தடுத்த நூற்பாக்கள் இருமுறை கேட்டால் என்ன பயன், மும்முறை கேட்டால் என்ன பயன் என்று பிரித்துரைக்கின்றன. இதைக் காட்டிப் பவணந்தியாரை நரம்பியல் அறிஞராக்குவது வீண்வேலை. அவருக்குத் தெரிந்தது மாணவரின் இயல்பு. ஆனால் கலைச்சொல் ஆக்குவோருக்கு இங்கே ஓர் உதவி கிடைக்கிறது. ‘மீட்டெடுத்தல் பயிற்சி’ என்று இப்போது எழுதப்படுவதைக் ‘கேட்டவை நினைத்தல்’ என்றால் எந்தத் துறை ஆசிரியருக்கும் உடனே விளங்கும்.

இத்துறையில் தவறாகப் பெயர்க்கப்படக்கூடிய சொல் ‘நியூரோமித்’. ‘மித்’ என்றவுடன் இலக்கியத் திறனாய்வுப் பழக்கத்தில் ‘தொன்மம்’ என்று எழுதத் தோன்றும். தொன்மம் என்பது ஒரு சமூகத்தின் பழங்கதை. இங்கே குறிக்கப்படுவதோ மூளையைப் பற்றிய அறிவியல் செய்தி ஒன்று திரிந்து பரவிய தவறான நம்பிக்கை. ஆகவே ‘மூளைக் கட்டுக்கதை’ என்பதே பொருந்தும். இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்ற பிரிவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கடும் வலிப்பு நோய்க்காக இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்டவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். துண்டிக்கப்படாத மூளை கொண்ட நம் மாணவர்களை அந்த ஆய்வு இரு வகையாகப் பிரிக்கவில்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என வகைப்படுத்தி அதற்கேற்ப நடத்தினால் நன்கு கற்பர் என்பதும் சான்றற்றதே. இங்கிலாந்து, நெதர்லாந்து ஆசிரியர்கள் 242 பேரிடம் எடுத்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் இந்த வகைப்பாட்டை நம்பினர். மூளையைப் பற்றிப் பொதுவாக அதிகம் அறிந்தவர்களிடம் இத்தகைய கட்டுக்கதைகள் குறைவாக இல்லை, மாறாக அதிகமாகவே இருந்தன. பயிற்சி நடத்துவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

‘மூளை’ பழந்தமிழ்ச் சொல். எலும்பின் உள்ளீட்டையும் அது குறித்திருக்கிறது. கன்னடத்தில் ‘மூளெ’ என்றால் எலும்பு என்பது ஒப்பிடத்தக்கது. ஆகவே சொல்லின் முதற்பகுதியில் சிக்கல் இல்லை. ‘பேஸ்டு’, ‘லேர்னிங்’ என்ற இரண்டில்தான் சிக்கல். கற்பவர் மாணவர், பயிற்சிக்கு வருபவர் ஆசிரியர், அவர் கைக்கொள்ள வேண்டியது கற்பிக்கும் முறை. எனவே ஹார்ட்டின் பழைய சொல்லுக்குத் திரும்பி, ‘மூளை இயைபுக் கற்பித்தல்’ என்று சொல்வதே பொருளுக்கு நெருக்கமாக உள்ளது. ‘இயைபு’ பொருத்தத்தைக் காட்டும். அடித்தளம் என்று உரிமை கோராது.

இத்தகைய பயிற்சியின் பெயரையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ நிறுவனங்கள் 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023-இல் மதன் மோகன் மாளவியாவின் பெயர் தாங்கிய ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆயின. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் ஆசிரியர் அறையில் அங்கு நடக்கும் பயிற்சி ‘எஃப்.டி.பி.’ (ஃபேக்கல்ட்டி டெவலப்மென்ட் புரோகிராம்), ‘ரெஃப்ரெஷர்’ என்றே வழங்குகிறது. பணி உயர்வுக்குச் சான்றிதழ் தேவை என்பதால் இவை மறக்கப்படாத சொற்கள். ‘ரெஃப்ரெஷர்’ என்பதைப் ‘புத்தாக்கப் பயிற்சி’ என்பதைவிடப் ‘புத்தொளிப் பயிற்சி’ என்பது நன்று. ‘புத்தாக்கம்’ இப்போது ‘இன்னொவேஷன்’ என்பதற்கு நிலைத்துவிட்டது. ‘புரொஃபஷனல் டெவலப்மென்ட்’ தமிழ்நாட்டில் ‘பணித்திறன் மேம்பாடு’ எனவும் இலங்கையில் ‘வாண்மை விருத்தி’ எனவும் வழங்குகிறது. இரண்டும் அந்தந்த நாட்டு வழக்கில் செல்லும்.

அழைப்பிதழில் ‘மூளை இயைபுக் கற்பித்தல்: கல்லூரி ஆசிரியர்களுக்கான பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி’ என்று தலைப்பிடலாம். நிகழ்ச்சி நிரலில் நரம்பியலாளர் ஒருவருக்கு ஓர் அமர்வும் உளவியலாளருக்கு எஞ்சிய அமர்வுகளும் தரப்படுமானால் தலைப்பும் உள்ளடக்கமும் ஒத்துவரும். அறிதல் உளவியல் மட்டுமே பேசப்படுமானால் ‘மூளை’ என்ற சொல்லை விட்டுவிட்டுக் ‘கற்றல் உளவியல் பயிற்சி’ என்று அச்சிடுவதே முறை.