காந்தாரமும் நிஷாதமும் நின்றால் போதும்: ஜாஸ் மெட்டைத் தனிப் பியானோவுக்கு எழுதும் முறை

ஜாஸ் ஸ்டாண்டர்டின் (ஜாஸ் கலைஞர்கள் பலரும் வாசிக்கும் பழகிய பாட்டு) லீட் ஷீட்டில், அதாவது சுருக்க நோட்ஸில், மெட்டு ஒற்றை வரியாக இருக்கும். அதன் மேலே கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளின், பெயர்கள். குழுவில் டபுள் பேஸ் கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொள்ளும், கிட்டார் கார்டை நிரப்பும். தனிப் பியானோவில் எல்லாம் பத்து விரல்களுக்குள் அடங்க வேண்டும். அதனால் இந்த நோட்ஸ் எழுதுவதில் பாதி வேலை, எதை விடுவது என்று முடிவு செய்வதுதான்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த சேலத்துக் கீபோர்டு மாணவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். கார்டின் மூலச்சுரத்தை ஷட்ஜமமாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கராபரணத்தையும் ஹரிகாம்போஜியையும் பிரிப்பது நிஷாதம் மட்டுமே. சி மேஜர் 7, சி 7 இரண்டையும் பிரிப்பதும் அதுவே. காந்தாரமும் ஒரு படி இறங்கினால் கரகரப்பிரியா, அதாவது சி மைனர் 7. கார்டின் குணம் இந்த இரண்டு சுரங்களில்தான் இருக்கிறது. பஞ்சமத்தைத் தயங்காமல் விடலாம்.

டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற வரிசை ஏராளமான ஸ்டாண்டர்டுகளில் வரும். இடது கையில் டி–எஃப்–சி பிடியுங்கள். ஜி 7-க்குப் போகும்போது எஃப் அசையாது; சி மட்டும் அரைச்சுரம் இறங்கிப் பி ஆகும். அடுத்து பி நிற்கும், எஃப் இறங்கி ஈ ஆகும். கீழ்ச்சுரம் மட்டும் டி, ஜி, சி என்று மாறும்; மேலே உள்ள இரண்டு சுரங்களுக்குக் கை தாவவே வேண்டாம். இந்த வழுக்கலைக் கேட்கும்போது வரும் இன்பத்துக்காகவே இதைக் கற்கலாம்.

கார்டைக் கீழே நெருக்கி எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 61 கட்டை கீபோர்டின் இடது ஓரத்தில் உள்ள மிகத் தாழ்ந்த சி சுமார் 65 ஹெர்ட்ஸ், அதை அடுத்த ஈ 82. வித்தியாசம் 17 மட்டுமே. காது இவற்றைப் பிரிக்க முடியாமல் உறுமலாகக் கேட்கிறது. அதே ஈயை ஒரு ஸ்தாயி மேலே, 165 ஹெர்ட்ஸில் வைத்தால் தெளிவு வந்துவிடும். இந்தப் பத்துச்சுர இடைவெளிக்குப் பலருக்குக் கை எட்டாது. சியை அடித்து, அது தொடர்ந்து ஒலிக்கும்படி பெடலை மிதித்து, பிறகு ஈக்குத் தாவுங்கள். அடுத்த பேஸ் விழும் கணத்தில் பெடலை விட்டு உடனே மிதிக்க வேண்டும். முந்தினால் பேஸ் அறுந்துபோகும். பிந்தினால் பழைய கார்டு ஒட்டிக்கொண்டு வரும்.

மெட்டை வலது கையின் சுண்டுவிரல் பக்கம் ஏற்றி, மற்ற விரல்களைவிட அழுத்தி வாசியுங்கள். லீட் ஷீட்டில் இருக்கும் ஸ்தாயியிலேயே விட்டால் மெட்டுக்கும் பேஸுக்கும் நடுவே வரும் உள்சுரங்களுக்கு இடம் இருக்காது. பெரும்பாலும் ஒரு ஸ்தாயி உயர்த்த வேண்டியிருக்கும்.

ஏற்காட்டில் மரப் பியானோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். மழைக்கால ஈரத்தில் ஒலிப்பலகை உப்பி, நடு ஸ்தாயிகளின் சுருதி ஏறும். தடித்த பேஸ் கம்பிகள் அந்த அளவுக்கு ஏறாது. நோட்ஸ் சரியாக இருந்தும் பத்துச்சுர இடைவெளி அலைபாயும். மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே சுருதி சேர்க்க வேண்டாம். மரம் ஈரத்துக்குப் பழகிய பிறகு சேர்த்தால்தான் நிற்கும்.