ரத்த வகை வேறுதானே, அப்புறம் என்ன பிரச்சனை?

போன வாரம் வந்த பாட்டி, பேரனை மடியில் வைத்துக்கொண்டே என் மேஜைமேல் இரண்டு லேப் சீட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் ஓ பாசிட்டிவ், இன்னொன்றில் பி பாசிட்டிவ். "டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டுத்தான் டாக்டர் கல்யாணமே பண்ணி வெச்சோம். ரெண்டு பேருக்கும் வேற வேற குரூப்." பையனின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். பத்து மாதக் குழந்தை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். ஹீமோகுளோபின் 5. பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடம்பு போதிய ஹீமோகுளோபின் செய்ய முடியாத பரம்பரை ரத்தநோய். இனி மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும்.

இதே மாதிரிச் சீட்டுகளை எத்தனை குடும்பம் என்னிடம் நீட்டியிருக்கும் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ரத்த வகை வேறு என்றால் சொந்தத்தில் கட்டினாலும் பிரச்சனை வராது என்பது தவறு. ஏன் என்று ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏ, பி, ஓ என்பதைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. பாசிட்டிவா நெகட்டிவா என்பது முதலாவதில். பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான மரபணு பதினோராவதில். நம்மிடம் இருப்பதோ ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். ரத்த வகையைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சரி சொல்வது, எதிர் மனையின் பட்டாவைச் சரிபார்த்துவிட்டு இந்த மனையை வாங்குவதுதான். கூடப்பிறந்த அண்ணன் தங்கைக்கே ரத்த வகை வேறாக இருக்கும். அதற்காக அவர்கள் அந்நியர் ஆகிவிடுவார்களா? ஒரு தாய்மாமனிடம் ஒரு மரபணுப் பிழை இருந்தால், அக்கா மகளிடமும் அதே பிழை இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒன்று. ரத்த வகை என்னவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்பார்கள். இருக்காதுதான். இந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வருகிறது. ஒரு பிரதி கெட்டாலும் இன்னொன்று வேலை செய்வதால் வெளியே தெரியாது. இரண்டும் கெட்டதாக வந்தால்தான் இந்தக் குழந்தை மாதிரி ஆகும். ஒன்று மட்டும் கெட்டவர்களுக்கு ரத்தம் லேசாகக் குறைவாக இருக்கும், சிவப்பணு சிறுத்திருக்கும். அதைப் பார்த்து இரும்புச்சத்து டானிக்கை வருடக்கணக்கில் எழுதித் தருகிறோம். எங்கள் ஆட்களையும் திட்டத்தான் வேண்டும்.

குழந்தையின் அப்பா போனை எடுத்துக் காட்டினார். "மரபணுவையே வெட்டிச் சரி பண்ணிடலாமாமே?" பொய்யில்லை. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறைச் சிகிச்சைக்கு, தலசீமியாவுக்காக 2023 நவம்பரில் பிரிட்டனும் 2024 ஜனவரியில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து லேபில் திருத்தி, கடுமையான கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்தபின் திரும்ப ஏற்றுகிறார்கள். அதுகூடக் கெட்ட மரபணுவை ரிப்பேர் செய்வதில்லை. பிறந்தபின் அடங்கிப்போகும் கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கவைக்கிறது. அனுமதி வந்தபோது 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். அப்போது அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். நீங்கள் நினைப்பது போல ஒரு ஊசி அல்ல.

கல்யாணத்துக்கு முன்னால், ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் டெஸ்டை ஹெச்பிஎல்சி என்று கேட்டு எடுங்கள். ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும். மண்டப வாசல் அலங்காரச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் துணைக்கும் எடுத்தே ஆக வேண்டும். தலசீமியா இல்லை என்று வந்தாலும் சொந்தத்தில் முடிப்பவர்கள் ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள். மற்ற நோய்களும் இருக்கின்றன, தயவுசெய்து.

கிளம்பும்போது பாட்டி குரலைத் தாழ்த்திக் கேட்டார், "மொதலுக்கு வந்துடுச்சு, அடுத்ததுக்கு வராதுல்ல?" மருமகள் இப்போது ஏழு வாரக் கர்ப்பம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று, முதலாவது என்ன ஆனது என்று அது பார்க்காது என்றேன். இருவரின் மரபணுப் பரிசோதனைக்கு அன்றே ரத்தம் எடுத்தோம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று பதினோராவது வாரத்தில் நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கத் தேதி குறித்துக் கொடுத்தேன். பாட்டி அந்த இரண்டு சீட்டுகளையும் மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார்.