ஓடிபி யாருக்கும் சொல்லலியே, அப்புறம் எப்படிங்க போச்சு?

பெங்களூரில் அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், வங்கிப் பணம் போனவர்கள் என்னிடம் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். போனைக் கையில் கொடுக்கும் முன்பே சத்தியம் செய்கிறார்கள். அந்தச் சத்தியம் உண்மைதான். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் திருட்டுக்கு நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. இதை விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

இந்த முறையும் கல்யாணப் பத்திரிகைதான். சித்தப்பா நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல். பெயர் ‘திருமண அழைப்பிதழ்’, அதன் வாலில் ஏபிகே. அந்த வாலை யாரும் பார்ப்பதில்லை. பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லாவிட்டால் பிடிஎஃப். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டில் ஆப் நிறுவும் ஃபைல். அதைத் தட்டினால் ‘தெரியாத இடத்து ஆப், அனுமதிக்கவா?’ என்று போன் கேட்கும். அனுமதி கொடுத்தீர்கள். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க, அனுப்ப உரிமை கேட்கும். அதையும் கொடுத்தீர்கள். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்குங்க?

இனி ஓடிபி உங்கள் போனுக்கு வந்த நொடியே திருடனுக்கும் போகும். சில ஆப்கள் தன்னையே எஸ்எம்எஸ் ஆப்பாக வைக்கச் சொல்லும். ஒத்துக்கொண்டால் வந்த மெசேஜை உங்கள் கண்ணில் படாமலே அழித்துவிடும். ‘மெசேஜே வரலியே’ என்று வங்கியிடம் சண்டை போடுவது இப்படித்தான். யுபிஐயும் இதே கதை. புதுப் போனில் யுபிஐ தொடங்க, பதிவான சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். அதை உங்கள் போனிலிருந்தே அனுப்பிக்கொள்கிறான். நடுவில் ‘1 ரூபாய் கட்டுங்கள்’ என்று ஒரு பக்கம் காட்டி கார்டு விவரத்தை வாங்கியிருப்பான். யுபிஐ பின் நம்பரை மாற்ற அதுவும் ஓடிபியும் போதும்.

‘வாட்ஸ்அப்ல எல்லாம் என்கிரிப்ட் ஆகுதே சார்’ என்பார்கள். அதாவது, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது. கவர் வழியில் பிரிக்கப்படாமல் வந்தது, சரி. கவருக்குள் பாம்பு இருந்தால் பாம்பும் பத்திரமாகத்தான் வந்து சேரும். நாம் பேசுவதைக் கேட்டு விளம்பரம் போடுகிறார்கள் என்று மைக்கில் டேப் ஒட்டுகிறவர்களே எஸ்எம்எஸ் உரிமைக்கு யோசிக்காமல் ‘அலோ’ தட்டுகிறார்கள். ஆயுத பூஜைக்குப் போனுக்கும் பொட்டு வைக்கிற வீடுகள் நம்முடையவை. வையுங்கள், குங்குமம் சார்ஜிங் ஓட்டைக்குள் போகாமல். ஆனால் பொட்டு வைத்த போனிலும் கொடுத்த உரிமை கொடுத்ததுதான்.

டிராஃபிக் அபராதம் என்று வரும் ஏபிகேயும் இதே வகை. பெங்களூரில் 2023 பிப்ரவரியிலும் 2025 ஆகஸ்டிலும் அபராதத்துக்கு 50% தள்ளுபடி அறிவித்தார்கள். தள்ளுபடி என்றதும் நம் விரல் தானாகத் தட்டும். அபராதம் இருக்கிறதா என்று பார்க்க போக்குவரத்துப் போலீசின் அஸ்த்ரம் ஆப் ப்ளே ஸ்டோரிலேயே இருக்கிறது. வண்டி நம்பர் போட்டுப் பாருங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது: செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ். அங்கே வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸில் ‘அன்னோன்’ என்று தேடினால் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள், ஓடிபியோடு ஒரு பின் நம்பரும் கேட்கும் பூட்டு அது. பிறந்த தேதியைப் பின் நம்பராக வைக்காதீர்கள், தயவுசெய்து.

ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? பதறிப்போய் ரீசெட் அடிக்காதீர்கள். அந்த ஃபைல், வந்த மெசேஜ், எல்லாம் புகாருக்கு வேண்டும். முதல் வேலை, சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். ஏபிகே போட்ட போனில் வைஃபையையும் அணையுங்கள். இனி வரும் ஓடிபி பட்டன் போனுக்கு வரும், அந்த ஆப்பின் கை அங்கே நீளாது. ஆயிரம் ரூபாய் போன் செய்யும் இந்த வேலையை ஐம்பதாயிரம் ரூபாய் போன் செய்யாது.

அதே பட்டன் போனிலிருந்து ##002# அடித்தால், உங்களுக்கு வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பும் கால் ஃபார்வர்டிங் எல்லாம் ரத்தாகும். கூப்பிட்டுச் சொல்லும் ஓடிபிக்காக அதையும் திருப்பி வைத்திருப்பார்கள். சந்தேகமிருந்தால் *#21# அடித்துப் பாருங்கள். போன் கிடைக்காதபோது அழைப்பு எங்கே போகும் என்று காட்டும் *#62# அடித்து, ஏதோ நம்பர் தெரிகிறது என்று அலறுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அது உங்கள் நெட்வொர்க்கின் மிஸ்டு கால் சேவை நம்பர்.

அடுத்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பிறகு வங்கி: கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ‘நாளைக்கு பிராஞ்சுக்குப் போறேன்’ வேண்டாம். 2017 ஜூலையில் ஆர்பிஐ போட்ட விதிப்படி, நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அந்தப் புகார் நேரம் எழுத்தில் இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்தபின் போனை, நாம் நிறுவிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போட்டு ஆப்பை நீக்குங்கள். ஐகான் தெரியாது, செட்டிங்ஸில் ஆப் பட்டியலில் தேட வேண்டும். நீக்க விடவில்லை என்றால் டிவைஸ் அட்மின் உரிமையை முதலில் எடுங்கள். படங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு ரீசெட். பேக்கப்பிலிருந்து ஆப்களைத் திரும்ப இறக்காமல், ஒவ்வொன்றாக ப்ளே ஸ்டோரிலிருந்து போடுங்கள். சிம்மைத் திரும்பப் போட்டு வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்தால், திருடன் உங்கள் கணக்கில் புகுந்திருந்தாலும் வெளியேறிவிடுவான். அவன் டூ ஸ்டெப் பின் நம்பர் வைத்துவிட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் அனுப்பவில்லை. அவர் வாட்ஸ்அப் ஓடிபியும் இதே வழியில்தான் போயிருக்கும். விஷயத்தைச் சொல்லுங்கள், ஆனால் வாட்ஸ்அப்பில் எழுதினால் படிப்பது திருடன். அவர் நம்பருக்குக் கூப்பிட்டாலும், ஃபார்வர்டிங் இருந்தால் எடுப்பது அவனாக இருக்கலாம். சித்தி நம்பருக்குக் கூப்பிடுங்கள்.