நெடுங்காலம்: ‘லோங் துரே’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வரலாற்று நூல்களின் முன்னுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் பிரெஞ்சுத் தொடர் ‘லோங் துரே’. லோங் என்றால் நீண்ட. துரே என்பது ஒன்று நீடிக்கும் கால அளவு. ‘நீடித்தல்’ என்று பொருள்படும் ‘துராரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இதைக் கலைச்சொல்லாக நிலைநாட்டியவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பெர்னான் பிரோதெல், 1958இல் ‘அனால்’ என்ற வரலாற்று இதழில் எழுதிய கட்டுரையில். மத்தியதரைக் கடல் பற்றிய 1949ஆம் ஆண்டு நூலிலேயே காலத்தை அவர் மூன்று அடுக்காகப் பிரித்துவிட்டார். மேலே போரும் பட்டாபிஷேகமும். நடுவில் விலைவாசி, மக்கள்தொகை. அடியில் மலை, கடல், பருவநிலை. அடியடுக்கின் காலமே லோங் துரே.

தமிழில் ‘நீண்டகால வரலாறு’ என்கிறார்கள். தவறில்லை, ஆனால் நீண்டகாலம் என்றாலே எனக்கு வங்கிக் கடன்தான் ஞாபகம் வருகிறது. ‘நெடுங்காலம்’ பழகிய சொல், கடன் வாடையும் இல்லை.

சரி, இந்தியத் துணைக்கண்டத்துக்கு இது எதற்கு? 1817இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் மில் இதன் வரலாற்றை இந்து, முகமதியர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்களை வைத்து வெட்டினார். பண்டைய, இடைக்கால, நவீன என்று பெயர் மாறி அந்த வெட்டு பாடநூல்களில் இன்னும் உலவுகிறது. பலுசிஸ்தானில் திராவிட மொழியான பிராகுயி பேசுகிறவர்களை இதில் எந்தப் பெட்டியில் போடுவது? அதே பலுசிஸ்தானின் மெஹர்கரில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பார்லி பயிரிட்டு ஆடு வளர்த்தவர்களுக்கு அரசன் பெயரே கிடையாது. பருவமழை, மேய்ச்சல் தடம், தானியம், மொழி இவற்றின் நெடுங்காலத்தை எழுதினால்தான் ஆளாதவர்களும் உள்ளே வருவார்கள்.

ஆனால் நெடுங்காலத்தை மாறாமை என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. 1830இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் மெட்காப், எது அழிந்தாலும் நிலைத்து நிற்கும் சிறு குடியரசுகள் என்று இந்தியக் கிராமங்களை வர்ணித்தார். சாதி, நிலம், கூலி எல்லாம் அந்த அழகான வாக்கியத்துக்குள் காணாமல் போயின. மாறாதது போலத் தெரிவதும் மாறி வந்ததுதான். மிளகாயைப் பாருங்கள். போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் அது அமெரிக்காவிலிருந்து இங்கே வந்தது; அதுவரை காரத்துக்கு மிளகு. இன்று மிளகாய் இல்லாத சமையலை ‘பாரம்பரியம்’ என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிரோதெலின் நடு அடுக்குக்குப் பிரெஞ்சில் ‘கோன்ழோங்க்தூர்’ என்று பெயர். அதற்குச் ‘சுழற்காலம்’ என்று எழுதிப் பார்க்கிறேன். ஏறி இறங்கும் விலைக்குப் பொருந்துகிறது, மக்கள்தொகைக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.