ஆக்டேன் எண்: நூறு சிசி வண்டிக்கு எந்தப் பெட்ரோல்?

மதுரையில் பல பங்க்குகளில் டாங்க் மூடியைத் திறந்ததும் ஒரு கேள்வி வரும்: "அண்ணே, சாதாவா, பவரா?" பவர் என்ற பெயரை நம்பி, இழுவை கூடும் என்று ஸ்ப்ளெண்டருக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கும் விலை கூடிய பெட்ரோலைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு ஆக்டேன் எண்தான். 20 சதவீதம் எத்தனால் கலப்பதற்கு முன்பு, நம் நாட்டுத் தர அளவுப்படி சாதாவுக்கு அது குறைந்தது 91, உயர்ரகத்துக்கு 95 என்று இருந்தது. அதற்கு மேல் 100 வரைக்கும்கூட விற்கிறார்கள். இந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் மாதாமாதம் காசு மிச்சம்.

கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'ஆக்டோ' என்றால் எட்டு. ஆக்டோபஸுக்கு எட்டுக் கை இருப்பது இந்தக் கணக்கில்தான். எட்டு கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சேர்மம் என்பதால் ஆக்டேன். ஆக, பெயருக்குள் இருப்பது அணுக் கணக்கு மட்டுமே. வேகமோ சக்தியோ அதில் இல்லை.

அளவுகோலாக இது மாறியது 1920களில். 1926-ல் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இரண்டு திரவங்களை எல்லைகளாக வைத்தார். இன்ஜினில் லேசில் இடிக்காத ஐசோ-ஆக்டேனுக்கு 100, சட்டென்று இடிக்கும் ஹெப்டேனுக்கு 0. பெட்ரோலை ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜினில் ஓட்டி, இவற்றின் கலவையோடு ஒப்பிடுவார்கள். 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எப்படி இடிக்குமோ அப்படி இடிக்கிற பெட்ரோல், 91. நம் டாங்கில் 91 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்னொன்று சொன்னால் வியப்பாக இருக்கும்: கார்பன் அணுக்கள் கிளையில்லாமல் நீளமாகக் கோத்திருக்கும் சாதாரண ஆக்டேனை இதே கோலில் அளந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். கிளைவிட்ட ஐசோ-ஆக்டேன்தான் நூறு.

சரி, இடிப்பது என்றால் என்ன? பிஸ்டன் மேலேறிப் பெட்ரோலும் காற்றும் கலந்ததை அமுக்கும்போது, பிளக் பொறி வைத்து, தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அமுக்கமும் சூடும் மிகுந்தால், தீ வந்து சேருமுன்பே மிச்சக் கலவை தானாக வெடித்துவிடும். அதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் முறுக்கினால், தகர டப்பாவில் சரளைக் கல்லைக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் வரலாம். ஒரு கியர் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் பிஸ்டன் தலையில் படிந்த கரியையும் பொறி விழும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனவே ஆக்டேன் எண் என்பது, தானாக வெடிக்காமல் எவ்வளவு அமுக்கத்தைப் பெட்ரோல் தாங்கும் என்பதன் அளவு. எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் எண் 100-க்கு மேல். ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றலோ பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் மைலேஜ் சற்றே இறங்குவது இதனால்தான். எண் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை இங்கேயே உடைந்துவிடுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? பாடநூல்கள் 'ஆக்டேன் எண்' என்றே எழுதுகின்றன. ஆக்டேன் ஒரு சேர்மத்தின் பெயர். அதை அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை. 'எட்டகம்' என்று பெயர்த்தால் வண்டிக்காரருக்கு ஒன்றும் விளங்காது. எண்ணுக்கு மட்டும் அதன் வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும். 'இடிதாங்கு எண்' என்பது என் தேர்வு. "இந்தப் பெட்ரோலின் இடிதாங்கு எண் 95" என்றால், அதிகம் இடி தாங்கும் என்று யாருக்கும் புரியும். அதிகம் இழுக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

எந்தப் பெட்ரோல் என்பதை முடிவு செய்வது இன்ஜினின் அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு. ஸ்ப்ளெண்டரில் அது 10-க்கு 1 அளவில்தான். 91 அதற்குத் தாராளம். 95 போட்டால் கெடுதலில்லை, இழுவையும் கூடாது. யமஹா ஆர்15 போல 11.6 வரை அமுக்கும் வண்டிகளுக்கு, கையேட்டில் 95 கேட்டிருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அமெரிக்க வீடியோக்களில் 87 என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அவர்கள் இரண்டு சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள், நாம் அவற்றில் ஒன்றின் எண்ணை மட்டும். நம் கணக்கின் 91-ம் அவர்களின் 87-ம் கிட்டத்தட்ட ஒன்றே.