ஏன் இரண்டு ஜிப் கோப்புகள்?

என் ஃபோன் கடையில் வேலை பழகும் தம்பி, முதன்முறையாகத் தானே ஒரு ஃபோனில் லினியேஜ் ஓ.எஸ். என்ற ஆண்ட்ராய்டு இயங்குதளத்தை ஏற்றிய நாளில் கேட்டான்: "அண்ணா, ரோம் ஒரு ஜிப், கூகுள் செயலிகள் இன்னொரு ஜிப். இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் என்ன?" புது மென்பொருளை ஏற்ற உதவும் ரெகவரி திரையில் ஃபோன் நின்றுகொண்டிருந்தது. ஃபோனை இயக்கும் முழு மென்பொருளான ரோம் ஏறிவிட்டது. ஃபோனை ஒருமுறைகூடத் தொடங்க விடாமல், கையோடு கூகுள் செயலிகளின் தொகுப்பான ஜிஆப்ஸ் கோப்பையும் ஏற்றியாக வேண்டும். இடையில் ஒருமுறை தொடங்கிவிட்டால், பிறகு ஏற்றும் கூகுள் செயலிகள் முரண்டு பிடிக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இந்த அலைச்சலுக்குக் காரணம் உரிமம். அது 2009இல் தொடங்கிய கதை.

அப்போது ஸ்டீவ் கொண்டிக் என்ற அமெரிக்க நிரலாளர் சயனோஜென்மாட் என்ற ரோமை உருவாக்கி இலவசமாகக் கொடுத்துவந்தார். ஜிமெயில், மேப்ஸ், யூடியூப், ஆண்ட்ராய்டு மார்க்கெட் (இன்றைய பிளே ஸ்டோர்) எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் கூகுளிடமிருந்து அவருக்கு அறிவிப்பு வந்தது: இந்தச் செயலிகளைப் பகிர்வதை நிறுத்த வேண்டும். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் கொதித்துப்போனார்கள். 'ஆண்ட்ராய்டு கட்டற்றது என்று சொன்னீர்களே' என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கொண்டிக் அந்தச் செயலிகளை நீக்கிவிட்டு ரோமை மட்டும் தொடர்ந்து வெளியிட்டார். கூகுள் செயலிகளைப் பயனரே தனியாக ஏற்றிக்கொள்ளும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் நின்றுபோய், அதன் வழியில் லினியேஜ் ஓ.எஸ். பிறந்த பிறகும் அந்தப் பிரிவினை மாறவில்லை.

ஆண்ட்ராய்டின் மூல நிரலில் பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தில் வருகிறது. அடியிலுள்ள லினக்ஸ் கருவுக்கு ஜி.பி.எல். உரிமம். இவற்றை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் பிளே ஸ்டோர், மேப்ஸ், இவற்றுக்கெல்லாம் முதுகெலும்பான பிளே சேவைகள் ஆகியவை கூகுளின் தனியுடைமை. இவற்றைச் சேர்த்து விற்க விரும்பும் ஃபோன் நிறுவனம் கூகுளோடு ஒப்பந்தம் போட்டு, இணக்கச் சோதனைகளிலும் தேற வேண்டும். 2019இல் அமெரிக்க அரசின் தடைக்குப் பிறகு ஹுவாவேக்கு நேர்ந்ததைப் பாருங்கள். திறந்த ஆண்ட்ராய்டைப் பயன்படுத்த அதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு வந்த மேட் 30 ஃபோன் பிளே ஸ்டோர் இல்லாமல்தான் வெளியானது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கோட்டைத் தாண்ட முடியவில்லை.

அப்படியானால் நாம் தினமும் ஏற்றும் ஜிஆப்ஸ்? தன் செயலிகளை யார் வேண்டுமானாலும் மறுபகிர்வு செய்யலாம் என்று கூகுள் பொது உரிமம் எதுவும் தரவில்லை. தனியாகப் பகிரப்படும் தொகுப்புகளைப் பெரும்பாலும் கண்டும் காணாமலும் விட்டுவைத்திருக்கிறது, அவ்வளவே. பொறுத்துக்கொள்வது வேறு, உரிமம் கொடுப்பது வேறு. இந்த வேறுபாட்டை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் தம் ஃபோனைக் கொண்டுவந்தார். வங்கிச் செயலி திறக்கவில்லை. வேறொரு கடையில் 'எல்லாம் இலவசமாக வரும் ரோம்' என்று சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளின் கடைசியில் உள்ள 'பற்றி' பகுதியைத் திறந்து காட்டினேன்: சாதனம் சான்றளிக்கப்படவில்லை என்று இருந்தது. அதைவிடக் கவலை தந்தது வேறு. விளம்பரத்தை நீக்கிய ஒரு காணொளிச் செயலி, கட்டணம் கட்டாமலே திறக்கும் ஒரு புகைப்படச் செயலி, இரண்டும் சிஸ்டம் பகுதிக்குள் ஏற்றப்பட்டிருந்தன. சாதாரணமாக அவற்றை நீக்க முடியாது. அவற்றின் டிஜிட்டல் கையொப்பம் அசல் நிறுவனத்துடையது அல்ல என்பதால் பிளே ஸ்டோரிலிருந்து புதுப்பிப்பும் வராது. உள்ளே யார் எதை மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்கவும் அவரால் இயலாது. அந்த ஃபோனில்தான் வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து அவர் மாதக் கட்டணம் வாங்குகிறார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

இங்கே சட்டத்தையும் சொல்ல வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 63பி பிரிவின்படி, உரிமை மீறிய நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆதாயத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தாதவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. காசு வாங்கி ஏற்றித் தரும் கடைக்காரர்களே, அந்தச் சலுகையை நாம் நம்பியிருக்க முடியாது.

சான்றில்லாத சாதனம் என்ற செய்தி, ஃபோன் நிறுவனம் தராத ரோமை, அதாவது கஸ்டம் ரோமை, வைத்திருக்கும் நேர்மையான பயனருக்கும் வரலாம். 2018 முதல் அதற்கென்றே கூகுள் ஒரு பதிவுப் பக்கம் வைத்திருக்கிறது. ஃபோனின் கூகுள் சேவைக் கட்டமைப்பு எண்ணை (GSF ID) எடுத்து, சொந்தக் கூகுள் கணக்கில் பதிந்தால் பிளே ஸ்டோருக்குள் நுழையலாம். ஆனால் அதனால் சாதனம் சான்று பெற்றதாகிவிடாது. ஃபோனைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடர், வேறு ரோம் ஏற்றுவதற்காகப் பூட்டுத் திறந்திருக்கும்வரை, கடுமையான சோதனை வைத்திருக்கும் வங்கிச் செயலிகள் மறுக்கக்கூடும். 'நான் சரிசெய்து தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அந்தச் சோதனையை ஏமாற்றும் கோப்பை ஏற்றப்போகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கூகுள் செயலிகளே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்தில் கட்டற்ற செயலிகள் கிடைக்கும். பிளே சேவைகளின் சில வேலைகளை மைக்ரோஜி என்ற கட்டற்ற மென்பொருள் செய்யும். ஆனால் இதை எல்லோருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. அறிவிப்புகள் தாமதமாகும், சில செயலிகள் திறக்காது. அதைத் தெரிந்தே ஏற்பவர்களுக்கு மட்டும் செய்து தருகிறேன்.

வேன் ஓட்டுநரின் ஃபோனில் அந்த ரோமை முழுக்க அழித்து, நிறுவனத்தின் அசல் மென்பொருளை ஏற்றினேன். எல்லாம் அசல்தான் என்று இருமுறை பார்த்த பிறகே பூட்லோடரைப் பூட்டினேன். மாற்றிய மென்பொருளோடு பூட்டினால் ஃபோன் செயலிழந்துவிடலாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய மாடல் அது, ஆகவே வங்கி வேலைக்கு வேறு ஃபோன் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து ரசீதில் தம்பி நான்கு விவரம் எழுதுகிறான்: எந்த ரோம், எந்தத் தேதிப் பதிப்பு, எங்கிருந்து இறக்கியது, ஜிஆப்ஸ் தனியாக ஏற்றப்பட்டதா.