தோட்டக்காரரா, காவலரா: ஆங்கில ஆசிரியர் தம்மைக் காணும் உருவகம்

"ஆங்கில ஆசிரியர் என்பவர் ... போன்றவர், ஏனெனில்..." என்ற முற்றுப்பெறாத வாக்கியத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வது, ஆசிரியர்கள் தங்கள் தொழில் அடையாளத்தை எப்படி உணர்கிறார்கள் என்று அறிய ஆய்வாளர்கள் கையாளும் ஒரு வழி. நேரடியாகக் கேட்டால் பயிற்சிக் காலத்தில் படித்த வரையறையே விடையாக வந்துவிடும். உருவகமோ, சொல்பவரே எண்ணிப் பாராத நம்பிக்கைகளையும் வெளிக்கொணரும்.

உருவகம் செய்யுளுக்குரிய அணி மட்டுமன்று, சிந்தனையே அதன் வழியாகத்தான் இயங்குகிறது என்று மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், மெய்யியலாளர் மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் வாதிட்டனர். நன்கு தெரிந்த ஒன்றன் அமைப்பை, எளிதில் பிடிபடாத இன்னொன்றின் மீது மனம் ஏற்றிப் பார்க்கிறது. ஆசிரியர் தோட்டக்காரர் என்றால் மாணவர் செடி, வகுப்பு நிலம். ஆனால் செடி எதிர்க்கேள்வி கேட்பதில்லை; ஆகவே கேள்வி கேட்கும் மாணவருக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

தமிழுக்கு இது புதிதன்று. நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றுக்கு ஒப்பிடும் நன்னூல், தகாதவரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்கிறது. கழற்காய் நிரப்பிய குடம், இட்ட வரிசையில் திருப்பித் தராது. வளைந்த தென்னையோ நீர் ஊற்றியவரை விட்டு அடுத்தவர் முற்றத்தில் காய் உதிர்க்கும். நல்ல விளக்கங்களைத் கட்டணத் துணைப்பாட வகுப்புக்கென்று ஒதுக்கி வைப்பவர் இருக்கும்வரை, முடத்தெங்கு பழைய உவமை ஆகாது.

1987 முதல் ஆங்கிலமே பள்ளிகளின் பொதுப் பயிற்றுமொழியாக உள்ள சிங்கப்பூரில், ஒரு தமிழ் மாணவர் "ஹி கோ ஹோம் ஆல்ரெடி" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்மை மொழியின் காவலராகக் காணும் ஆசிரியர் உடனே தடுத்துத் திருத்துவார், தோட்டக்காரர் காத்திருப்பார், பாலமாகக் காண்பவர், 'போய்விட்டார்' என்பதில் 'விடு' உணர்த்தும் செயல்முடிவையே அந்த 'ஆல்ரெடி' இங்கே சுமக்கிறது என்று காட்டி, தேர்வுத்தாளுக்குரிய ஆங்கில வடிவத்துக்கு அழைத்துச் செல்வார். பிழை ஒன்றுதான், அது குற்றமா, பருவமா, தடயமா என்பதை உருவகமே முடிவு செய்கிறது.

எனவேதான் உருவகத்தைவிட அதன் பின்வரும் 'ஏனெனில்' முக்கியம். தோட்டக்காரர் என்றே இருவர் எழுதலாம்: ஒருவர், ஒவ்வொரு செடிக்கும் வேறு அளவு நீர் வேண்டும் என்பதால், மற்றவர், களை பறிக்க வேண்டியிருப்பதால்.